அடித்தல் திருத்தல்

திங்கள்கிழமை. சத்துவாச்சாரி, ஆட்சியர் அலுவலகம்.
குடியாத்தத்திலிருந்து ஆறு ஐம்பது பஸ்ஸில் வந்த பதினோரு பேர்
வேப்பமர நிழலுக்காக
வரிசையைக் கொஞ்சம் வளைத்து நிற்கிறோம்.
சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் என் கைப்பையில்,
துணியில் சுற்றி, டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில்.
எங்கள் தலைமையகம் அவ்வளவுதான்.

தீப்பெட்டி கம்பெனியில் கணக்கு எழுதுபவள் நான்.
அதனால் மனு எழுதும் வேலையும் என்னிடமே வந்தது.
ஒன்பது வருஷம், ஐந்து ஆட்சியர்கள்.
'மிகவும் பணிந்து கேட்டுக்கொள்வது யாதெனில்' என்பதை
'கோருகிறோம்' என்று மாற்றவே
எனக்கு மூன்று ஆட்சியர்கள் ஆனது.

சதவீதத்தில் பேசப் பழகிவிட்டோம்.
ஷாகிராவின் மகன் எழுபத்தைந்து.
முனிரத்தினத்தின் மகள் முப்பத்தெட்டு;
மிச்சம் இரண்டுக்காக அவளை
நான்கு முறை ஆட்டோவில் ஏற்றி
அடுக்கம்பாறைக்குக் கொண்டுபோனோம்.
'பென்சிலை எடு பாப்பா' என்றார் டாக்டர்.
எடுத்தாள்.
எல்லோரும் வருத்தப்பட்டோம்.

இன்றைய மனுவில் மூன்று பத்தி.
பராமரிப்புத் தொகை ஐந்து மாதமாய் வரவில்லை.
பாதுகாவலர் சான்றிதழ், கிடப்பில் பதினேழு.
பிறகு, எங்கள் காலத்துக்குப் பின்
பிள்ளைகள் தங்க ஒரு காப்பகம்,
அதற்கு முப்பது சென்ட் புறம்போக்கு.
மூன்றாவதற்காகத்தான் சங்கமே ஆரம்பித்தது.
அதை டைப் அடிக்கும்போது மட்டும்
ஜெராக்ஸ் கடைப் பையன் பாட்டை நிறுத்திவிடுவான்.

வரிசை நகரவில்லை. படித்துக் காட்டினேன்,
வழக்கம்போல் பெற்றோருக்கு.
புனிதவல்லியும் கேட்டுக்கொண்டிருந்தது தெரியாது.
தெரிந்திருக்க வேண்டும்.
இருபத்தாறு வயது. லுங்கிக் கடையில்
மடித்து லேபிள் ஒட்டுகிறாள், நாளுக்கு இருநூறு.
கோணினால் உரித்து மறுபடி ஒட்டுவாள்.

'யார் போறது அங்க?'
'நீதான் கண்ணு. அப்புறமா. ரொம்ப நாள் கழிச்சு.'
'நான் கேட்டேனா?'

அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டோம்.

'எனக்கு வேலை இருக்கு. பரதராமி பஸ் நிக்கறதில்ல.
என்னைப் பார்த்தா நிக்கறதில்ல. அதை எழுது.'
'நிக்கறதில்ல'வில் அவளுக்கு நாக்கு தடுக்கும்.
தடுக்கத் தடுக்க இன்னொரு தரமும் சொன்னாள்.

அவள் அம்மா சம்பூரணம் மட்டும் மெல்லக் கேட்டாள்:
'சரிடி. நான் போன பிற்பாடு?'

புனிதவல்லி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்,
கழுத்துச் சங்கிலியைப் பல்லில் கடித்தபடி.
பதில் வரவில்லை.
எங்களிடமும் இருந்ததில்லை.
முப்பது சென்ட் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

நூற்றுப் பதினாறைக் கூப்பிடுகிறார்கள்.
எங்கள் டோக்கன் நூற்று இருபது.
'அடித்தல் திருத்தல் கூடாது' என்கிறது சுவர்.
ஃபைலைத் தொடையில் வைத்து
மூன்றாவது பத்தியின் மேல் கோடு இழுத்தேன்.
பாதியில் பேனா நின்றது. சம்பூரணத்தின் மூச்சு
என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.
கோட்டை அப்படியே விட்டு,
'தங்க' என்பதற்கு முன்னால்
'விரும்பினால்' என்று செருகினேன்.
ஓரத்தில், மேல்நோக்கிய அம்புக்குறியோடு, பஸ்.
தடம் எண், நேரம், நிறுத்தம்.
எல்லாம் அவள் சொல்லச் சொல்ல. நேரம் நிமிஷத்தோடு.

ஸ்டாம்ப் குத்தினேன்.
'கோணியிருக்கு' என்றாள்.
பக்கத்தில் மறுபடி குத்தினேன்.
கையெழுத்துகளில் முதல் முறையாக
அவள் பெயர் எங்களுக்கு மேலே.
இடம் போதாமல் 'ல்லி' மட்டும் கீழே இறங்கி
என் பெயரின் தலையில் உட்கார்ந்தது.

'என்னம்மா இது, கிறுக்கல்?' என்றார் மேஜைக்காரர்.
'புதுசா எழுதிட்டு அடுத்த திங்கள் வாங்க.'
ஒன்பது வருஷப் பழக்கம், என் வாய் திறந்தது.
அதற்குள் மேஜையில் இரண்டு கையும் ஊன்றி
'நான்தான் எழுதச் சொன்னேன்' என்றாள் புனிதவல்லி.

என்ன சொல்கிறாள் என்பதுபோல்
அவர் என்னைப் பார்த்தார்.
நான் அவளைப் பார்த்தேன்.